இடையாள் இல்லாத் தொடர்பு: மறைகுறி வலையமைப்புகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மனிதர் தூரத்திலிருந்து ஒருவரோடொருவர் தொடர்புகொள்வதற்கு வகுத்துக்கொண்ட அமைப்புகள் யாவற்றிலும் இடையாள் ஒருவன் இருந்தே வந்துள்ளான். ஓலை கொண்டு சென்ற தூதன், தபாற்கந்தோர், தந்தி நிலையம், தொலைபேசி இணைப்பகம் எனக் காலந்தோறும் அவனது வடிவம் மாறியதேயன்றி அவனது இடம் மாறவில்லை. அவனின்றிச் செய்தி செல்லாது. ஆதலின் மூவகை அதிகாரங்கள் அவனுக்கு இயல்பாகவே உண்டாயின. செய்தியைப் படித்தறிதல் ஒன்று. யார் யாருடன் எப்பொழுது தொடர்புகொள்கின்றனர் என்பதை அறிதல் மற்றொன்று. வேண்டாதபோது தொடர்பையே துண்டித்துவிடுதல் மூன்றாவது.

இவ்வதிகாரங்கள் வெறுங் கற்பனையல்ல என்பதற்கு வரலாற்றிற் சான்றுகள் பலவுள. பாரதியாரின் பாடலொன்றின் வாயிலாகத் தமிழ் வாசகருக்கு அறிமுகமான இத்தாலியத் தேசபக்தர் மாஜினி, இலண்டனிற் புகலிடம் பெற்று வாழ்ந்த காலத்தில், தமக்கு வரும் கடிதங்கள் வழியிற் பிரிக்கப்படுகின்றன என ஐயுற்றார். கடிதவுறைகளுள் மணற்றுகள்களையும் கசகசா விதைகளையும் இட்டு அனுப்பச் செய்து பார்த்தபோது, கடிதங்கள் வந்தன. மணலும் விதையும் வரவில்லை. 1844இல் இவ்விடயம் பிரித்தானியப் பாராளுமன்றத்திற்குச் சென்றது. உள்நாட்டமைச்சர் சேர் யேம்ஸ் கிரகாமின் ஆணைப்படி தபாற் பகுதியினரே கடிதங்களைப் பிரித்துப் படித்து மீண்டும் ஒட்டி அனுப்பினர் என்பது வெளியாயிற்று. பெரும் வாதப்பிரதிவாதங்களின் பின்னர் தபாற் பகுதியின் இரகசியப் பிரிவும் மறைகுறி வாசிக்கும் பிரிவும் கலைக்கப்பட்டன. எனினும் அமைச்சரின் ஆணையினாற் கடிதங்களைத் திறக்கும் அதிகாரம் நீக்கப்படவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இடையாளைக் கட்டுப்படுத்துவதற்குச் சட்டத்தை மட்டும் நம்பியிராது, அவனது அதிகாரத்தை அமைப்பின் உள்ளேயே இல்லாதொழிக்கலாமா என்ற வினா கணித அறிஞரிடையேயும் கணனிப் பொறியியலாளரிடையேயும் எழுந்தது. மையம் எதுவுமின்றி, சமநிலையிலுள்ள கணனிகள் நேரடியாகத் தொடர்புகொள்ளும் வலையமைப்பு; அனுப்புவோனும் பெறுவோனும் அன்றிப் பிறர் எவரும் வாசிக்க இயலாத மறைகுறி; இவ்விரண்டும் ஒருங்கிணைந்த தொடர்பு முறையொன்றை வகுப்பதே அவர்களது குறிக்கோளாயிற்று. அறுபது ஆண்டுகளாக நடைபெற்றுவரும் அம்முயற்சியின் வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இடையாளின் முதலாவது அதிகாரம் பெரும்பாலும் முறியடிக்கப்பட்டுவிட்டது என்பதும், ஏனைய இரண்டும் ஒவ்வொரு முறையும் புதுவடிவில் மீண்டு வந்துள்ளன என்பதும், அவ்வாறு மீள்வதற்கு அரசுகளின் விருப்பு மட்டுமன்றித் தொடர்பு என்பதன் இயல்பே காரணமாகும் என்பதும் இங்கு எடுத்துக்காட்டப்படும்.

மையமற்ற வலை

மையமற்ற வலையமைப்பு என்ற கருத்துக்குத் தெளிவான முதல் வடிவம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் ஐக்கிய அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்திற் பணியாற்றிய போல் பரன் ஆவார். 1964இல் அவர் பதினொரு தொகுதிகளாக வெளியிட்ட ஆய்வு, வலையமைப்புகளை மூன்றாக வகுத்தது. எல்லாக் கணுக்களும் ஒரே மையத்துடன் இணைந்திருப்பது ஒன்று. சிறு மையங்கள் பல ஒன்றோடொன்று இணைந்திருப்பது இன்னொன்று. மீன்வலை போன்று ஒவ்வொரு கணுவும் அயற்கணுக்கள் சிலவற்றுடன் பிணைந்து, மையமெனச் சுட்டத்தக்கது எதுவும் இல்லாதிருப்பது மூன்றாவது. இம்மூன்றாவது வகையில், செய்தியைச் சிறு துண்டங்களாக்கி, ஒவ்வொரு துண்டத்தையும் அவ்வேளையிற் கிடைக்கும் வழியால் அனுப்பினால், கணுக்கள் பல அழிந்தபோதும் எஞ்சியவை தம்முட் தொடர்புகொள்ள முடியும் என அவர் காட்டினார். அதற்கு வேண்டிய இணைப்புகள், கணுக்களைப் பிணைப்பதற்கு இன்றியமையாத மிகக் குறைந்த எண்ணிக்கையைப் போன்று மூன்று அல்லது நான்கு மடங்கே என்பது அவரது கணிப்பு. பிரித்தானியாவில் டொனால்ட் டேவிஸ் என்பாரும் இதேபோன்ற முடிவுக்குத் தனித்தே வந்தார். செய்தித் துண்டத்தைப் பொதி எனும் பொருள்படப் பெயரிட்டவர் அவரே.

பரனின் நோக்கம் குடிமக்களின் அந்தரங்கத்தைக் காப்பதன்று என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. அணுவாயுதத் தாக்குதலின் பின்னரும் அரச கட்டளைகள் சென்றடைய வேண்டும் என்பதே அவரது கவலை. எனினும் அவரது ஒன்பதாவது தொகுதி முழுவதும் இரகசியம் பற்றியதாக அமைந்தது. வலையின் எந்தக் கணுவும் எதிரியின் கைக்குட் செல்லக்கூடுமாதலால் மறைகுறியாக்கம் அமைப்பின் அங்கமாகவே இருத்தல் வேண்டுமென அவர் கருதினார். மையமின்மையும் மறைகுறியும் இவ்வாறு தொடக்கத்திலேயே ஒருங்கு சிந்திக்கப்பட்டன. ஆயினும் அமெரிக்கத் தொலைபேசித் துறையிற் கோலோச்சிய ஏ.டி.அன்ட்.டி. நிறுவனம் இத்திட்டத்தை ஏற்கவில்லை. 1969 ஒக்டோபரில் முதற் செய்தியைக் கடத்திய ஆர்பாநெட் வலையமைப்பு கணனிகளைப் பலரும் பகிர்ந்து பயன்படுத்தும் நோக்குடன் எழுந்தது. பொதிகளாகச் செய்தியை அனுப்பும் முறை அதிற் கையாளப்பட்டதேயன்றி, மறைகுறியாக்கம் அதன் அடித்தளத்தில் இடம்பெறவில்லை. அதன் வழிவந்த இணையமும் நெடுங்காலம் அஞ்சலட்டை போன்றே விளங்கிற்று. வழியிலுள்ள எவரும் அதனை வாசிக்கலாம்.

திறவுகோற் சிக்கல்

மறைகுறிக் கலை மிகப் பழமையானது. ஆனால் எழுபதுகள் வரை அதன் வழிகள் அனைத்திற்கும் பொதுவானதொரு குறை இருந்தது. தொடர்புகொள்ளும் இருவரும் ஒரே திறவுகோலை முன்கூட்டியே பெற்றிருத்தல் வேண்டும். ஆயிரம் பேர் தம்முள் இவ்விருவராகப் பேச விரும்பின் 499,500 திறவுகோல்கள் தேவைப்படும். ஆகவே, எல்லோருடைய திறவுகோலையும் காத்துவைத்து வேண்டியபோது வழங்கும் நிலையமொன்றை ஏற்படுத்துவதே நடைமுறைத் தீர்வாகக் கருதப்பட்டது. அத்தகைய நிலையம் அனைத்தையும் வாசிக்கவல்ல இடையாளே ஆகும். களவினாலோ நீதிமன்ற ஆணையினாலோ ஒருநாள் அந்நிலையம் திறக்கப்படுமாயின் மறைகுறியாற் பயனென்ன என்ற கேள்வியே தம்மைத் தூண்டியதென விட்பீல்ட் டிஃபி பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

1976 நவம்பரில் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் வெளியிட்ட கட்டுரை இச்சிக்கலுக்கு விடைகண்டது. முன்பின் அறியாத இருவர், பிறர் கேட்க வெளிப்படையாகவே சில எண்களைப் பரிமாறி, கேட்டுக்கொண்டிருப்போர் கணித்தறிய இயலாத பொதுவான இரகசியமொன்றை அடையலாம் என அவர்கள் நிறுவினர். இதே திசையில் ரால்ஃப் மேர்க்கிள் 1974இலேயே சிந்தித்திருந்தார். அடுத்த ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவரும் பேரெண்களைக் காரணிப்படுத்துவதன் கடினத்தை அடிப்படையாகக் கொண்டு பொதுத் திறவுகோல் முறையை முழுமையாக்கினர். ஒருவன் தன் பூட்டைத் திறந்த நிலையிற் பல பிரதிகளாக ஊரெங்கும் கொடுத்துவைக்கிறான் எனக் கொள்ளலாம். எவரும் தம் செய்தியைப் பெட்டியிலிட்டு அப்பூட்டினாற் பூட்டலாம். திறப்பதற்குரிய கோல் அவனிடம் மாத்திரமே உண்டு.

இதே உண்மைகளைப் பிரித்தானிய அரசின் தொடர்புப் புலனாய்வு நிலையத்தில் ஜேம்ஸ் எல்லிஸ், கிளிஃபர்ட் கொக்ஸ், மல்கம் வில்லியம்சன் ஆகியோர் 1970க்கும் 1974க்கும் இடையிற் கண்டிருந்தனர். அரச இரகசியமாகப் பேணப்பட்ட அக்கண்டுபிடிப்பு 1997 டிசம்பரிலேயே வெளியிடப்பட்டது. எல்லிஸ் அதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே காலமாகிவிட்டார். இரகசியத்தைக் காப்பதற்கான அறிவே இரகசியமாக இருந்தவரை பொதுமக்களுக்குப் பயன்படவில்லை. வெளிப்படையான பல்கலைக்கழக ஆய்வின் வழியாகவே அது உலகிற்குக் கிட்டியது.

ஆயினும் வெற்றி முழுமையானதன்று. ஊரிற் கிடைக்கும் பூட்டு உண்மையாகவே உரியவனுடையதுதானா என்பதை எவ்வாறு அறிவது? இடையில் நிற்பவன் தன் பூட்டையே மற்றவனது பூட்டெனக் கொடுத்து, செய்தியைத் திறந்து படித்து, உரியவனின் பூட்டினால் மீண்டும் பூட்டி அனுப்பலாம். மாஜினியின் கடிதங்களுக்கு நேர்ந்தது இதுவே. டிஃபியும் ஹெல்மனும் இதற்குப் பொதுப் பதிவேடு ஒன்றை முன்மொழிந்தனர். ஆனால் அப்பதிவேட்டை வைத்திருப்பவன் யார் என்ற வினா உடனே எழுகின்றது. வாசல் வழியாக வெளியேற்றப்பட்ட இடையாள் பதிவாளனாக மீண்டும் உள்ளே வந்தான் எனலாம்.

மேலுறைத் தகவல்

கடிதத்தின் உள்ளடக்கம் மறைக்கப்பட்டாலும் உறைமேல் எழுதப்பட்ட விலாசம் வெளிப்படையாகவே இருக்கும். யார், யாருக்கு, எப்போது, எத்தனை முறை என்பவற்றை இக்கட்டுரை மேலுறைத் தகவல் எனக் குறிக்கின்றது. இடையாளின் இரண்டாவது அதிகாரம் இதனைப் பற்றியதே. இதனை முதன்முதலாக முறையாக ஆராய்ந்தவர் டேவிட் சோம் ஆவார். 1981இல் வெளிவந்த அவரது கட்டுரை, செய்திகளை நேரே அனுப்பாது கலக்கும் நிலையங்கள் சிலவற்றின் ஊடாக அனுப்பும் முறையொன்றை விளக்கிற்று. ஒவ்வொரு செய்தியும் ஒன்றினுள் ஒன்றாகப் பல உறைகளில் இடப்படும். ஒவ்வொரு நிலையமும் தனக்குரிய உறையைப் பிரித்து, பல செய்திகளை ஒன்றுசேர்த்துக் கலைத்து, வரிசை மாற்றி அடுத்த நிலையத்திற்கு அனுப்பும். நிலையங்களுள் ஒன்றேனும் நேர்மையாக இருப்பின் அனுப்பியவனையும் பெறுபவனையும் இணைத்துக் காணல் அரிதாகும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் உருவான வெங்காயவழி அனுப்புமுறையும், அதிலிருந்து வளர்ந்து 2004இல் விரிவாக விளக்கப்பட்ட டோர் வலையமைப்பும் இக்கருத்தின் வழிவந்தவையே. கடற்படையினர் மட்டுமே இதனைப் பயன்படுத்தின் இதன் வழியே வரும் ஒவ்வொருவரும் கடற்படையினர் எனப் புலப்பட்டுவிடும். ஆதலால் இதனை எல்லோருக்கும் திறந்துவிடுவது தேவையாயிற்று. கூட்டத்தினுள்ளேயே ஒருவன் மறைய முடியும் என்பது இத்துறையின் அடிப்படை உண்மைகளுள் ஒன்று. டோர் வலையமைப்பிலும், எந்தெந்தக் கணுக்கள் உறுப்பினர் என்ற பட்டியலை நம்பிக்கைக்குரியனவாகக் கருதப்பட்ட சில நிலையங்களே உறுதிசெய்கின்றன. முற்றாக மையமற்றதாக அதனை அமைப்பதிலும் பாதுகாப்பு முக்கியமெனக் கருதி அதன் ஆக்கியோர் இவ்விட்டுக்கொடுப்பைச் செய்தனர்.

அரசும் மறைகுறியும்

1991இல் பிலிப் சிம்மர்மன் பி.ஜி.பி. எனும் மறைகுறி மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். பதிவாளர் சிக்கலுக்கு அவரும் அவரது துணைவர்களும் கண்ட தீர்வு சமூகத்தன்மை வாய்ந்தது. ஒருவரது பூட்டு அவருடையதே என அவரை நேரில் அறிந்தோர் ஒப்பமிடுவர். அவ்வொப்பமிட்டோரை அறிந்த பிறர் அதனை ஏற்பர். தலைமைப் பதிவாளன் ஒருவன் தேவையில்லை. அறிமுகங்களாற் பின்னப்பட்ட நம்பிக்கை வலையே போதும் என்பது இதன் தத்துவம்.

அக்காலத்தில் அமெரிக்கச் சட்டம் வலிமை மிக்க மறைகுறி மென்பொருளைப் போர்த்தளபாடங்களுள் ஒன்றாகக் கணித்து அதன் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 1993இல் சிம்மர்மனுக்கு எதிராகத் தொடங்கிய விசாரணை 1996 தொடக்கத்திற் குற்றச்சாட்டு எதுவுமின்றிக் கைவிடப்பட்டது. இதற்கிடையில் 1995இல் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் பதிப்பகம் அம்மென்பொருளின் மூல வரிகளை அச்சிட்ட நூலாக வெளியிட்டது. மென்பொருள் ஆயுதமாயினும் நூல் பேச்சுரிமைக்குட்பட்டது என்பது அதன் உட்பொருள். இதே காலப்பகுதியில், 1993 ஏப்ரலில், தொலைபேசிகளிற் பொருத்துவதற்கெனக் கிளிப்பர் என்னும் சில்லை அமெரிக்க அரசு முன்மொழிந்தது. மறைகுறியை அது வழங்கும். ஆனால் திறவுகோலின் இரு பாதிகளும் இரு அரச நிறுவனங்களின் காவலில் இருக்கும். இடையாளின் அதிகாரத்தைச் சில்லினுள் வைத்து மீட்டெடுக்கும் முயற்சியாக இதனைக் கருதலாம். 1994இல் மற் பிளேஸ் என்னும் ஆய்வாளர் அதன் குறைபாட்டை வெளிக்காட்டினார்; சில ஆண்டுகளுள் அத்திட்டம் மறைந்தது.

சட்டப்போரில் வென்ற பி.ஜி.பி. மக்களிடையே பரவவில்லை என்பது கவனத்திற்குரியது. 1999இல் அல்மா விட்டன், டக் டைகர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், பன்னிருவருக்குத் தொண்ணூறு நிமிடங்கள் கொடுக்கப்பட்டும் மூன்றிலொரு பங்கினரே செய்தியொன்றை முறையாக ஒப்பமிட்டு மறைகுறியாக்கி அனுப்ப இயன்றது. தபாற்காரனை நீக்கிவிட்டால் தபாற்காரனது வேலையைக் கடிதம் எழுதுபவனே செய்தாக வேண்டும். இப்பளுவைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

நிகர்நிலை வலையமைப்புகள்

மறைகுறித் துறை இவ்வாறு வளர்ந்துகொண்டிருக்க, மையமின்மையை நடைமுறைக்குக் கொணர்ந்தவர்கள் பாட்டுக்களைப் பரிமாறிக்கொள்ள விழைந்த இளைஞர்களே என்பது வியப்பிற்குரியது. 1999இல் எழுந்த நப்ஸ்டர் அமைப்பிற் பாட்டுக்கள் பயனாளரின் கணனியிலிருந்து மற்றொரு பயனாளரின் கணனிக்கு நேரடியாகச் சென்றன. ஆனால் எது எங்குள்ளது என்ற அட்டவணை அந்நிறுவனத்தின் சேவையகத்திலேயே இருந்தது. ஆகவே நீதிமன்றத்தின் ஆணை அவ்வொரு நிலையத்தை நோக்கியே வந்தது. 2001இல் அச்சேவை நின்றது. 2000ஆம் ஆண்டு வெளியான நுட்டெல்லா அட்டவணையையே நீக்கிவிட்டது. அங்கு ஒவ்வொரு வினாவும் அயலவர்க்கு அயலவரென எல்லாத் திசையிலும் பரப்பப்பட்டது. ஊரில் ஒருவரைத் தேடுவதற்குத் தெருத்தெருவாகப் பறையறைவதை ஒத்தது இம்முறை. பயனாளர் தொகை பெருகியபோது பறையோசையே வலையை நிரப்பிற்று.

இதற்கான விடை 2001, 2002ஆம் ஆண்டுகளிற் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தது. கோர்ட், கான், பேஸ்றி, டப்பெஸ்றி எனும் அமைப்புகள் 2001இலும், மேமூன்கோவ், மாசியே ஆகியோரின் கடெம்லியா 2002இலும் வெளியிடப்பட்டன. கடெம்லியாவில் ஒவ்வொரு கணுவும் தற்செயலாகத் தெரிந்த நீண்ட எண்ணொன்றைத் தன் அடையாளமாகக் கொள்ளும். தேடப்படும் பொருளுக்கும் அவ்வாறே ஓர் எண் உண்டு. அவ்வெண்ணுக்கு மிக அண்மையான எண்ணுடைய கணுக்களே அதன் இருப்பிடத்தை நினைவில் வைத்திருக்கும். வழிப்போக்கன் ஒருவன் தான் காணும் ஒவ்வொருவரிடமும் வழிகேட்க, ஒவ்வொருவரும் தம்மினும் ஊருக்கு அண்மையிலிருப்பவரைச் சுட்டுவது போன்றது இத்தேடல். ஒவ்வொரு படியிலும் எஞ்சிய தூரம் பாதியாகக் குறையுமெனக் கொள்ளின், பத்து இலட்சம் கணுக்களுள்ளும் ஏறத்தாழ இருபது படிகளில் உரிய கணுவை அடையலாம். எவரிடமும் முழு அட்டவணை இல்லை. எனினும் எதுவும் கண்டறியத்தக்கதே. பரன் கனவுகண்ட வலைக்கு இதனினும் அழகிய வடிவம் வாய்த்ததில்லை எனலாம்.

ஆயினும் இவ்வமைப்பின் எல்லைகளும் அதே ஆண்டுகளிலேயே தெளிவாயின. முதலாவது எல்லை அடையாளம் பற்றியது. மையமான அதிகாரி எவரும் இல்லாவிடத்து ஒருவனே ஆயிரம் கணுக்களாக வேடமிட்டு வலையின் ஒரு பகுதியைக் கைப்பற்றலாம் என்பதையும், இதனை முற்றாகத் தடுத்தல் நடைமுறையில் இயலாதென்பதையும் 2002இல் ஜோன் டூசர் காட்டினார். இரண்டாவது பெயர் பற்றியது. மனிதர் நினைவிற் கொள்ளத்தக்கதாகவும், ஏமாற்ற இயலாததாகவும், மையமின்றி வழங்கப்படுவதாகவும் ஒரு பெயர் அமைவது அரிது என்பதனை 2001இல் சூக்கோ வில்கொக்ஸ் எடுத்துரைத்தார். மூன்றாவது இணையத்தின் அமைப்பிலேயே நேர்ந்த மாற்றம். கணனிகளுக்குரிய முகவரிகள் ஏறத்தாழ 430 கோடியே என வகுக்கப்பட்டிருந்தமையால், தொண்ணூறுகள் தொட்டுப் பல கணனிகள் ஒரே முகவரியின் பின்னே மறைந்து நிற்கும் வழக்கம் பரவிற்று. அவ்வாறு நிற்கும் கணனி பிறரை அழைக்கலாம். பிறரால் நேரே அழைக்கப்பட முடியாது. இத்தகைய இருவர் சந்திப்பதற்கு இருவரும் அறிந்த மூன்றாமவர் ஒருவர் வேண்டும். நிகர்நிலை என்ற சொல்லின் பொருளே இதனாற் பழுதுற்றது.

ஸ்கைப் தரும் பாடம்

இக்குறைகளையெல்லாம் சமாளித்து நிகர்நிலைத் தொடர்பை உலகெங்கும் பரப்பிய முதல் அமைப்பு, சென்ஸ்ட்றம், ஃபிரிஸ் ஆகியோர் எஸ்தோனியப் பொறியியலாளரின் துணையுடன் 2003இல் வெளியிட்ட ஸ்கைப் ஆகும். திறந்த முகவரியும் வலிமையும் வாய்ந்த பயனாளரின் கணனிகள் அவர்கள் அறியாமலே உயர்கணுக்களாகி ஏனையோருக்கு வழிகாட்டின. பேச்சு மறைகுறியாக்கப்பட்டிருந்தது. ஆனால் இன்னார்க்கு இன்ன திறவுகோல் எனச் சான்றளிக்கும் சேவையகம் நிறுவனத்திடமே இருந்தது. வெளியார் ஆராய்வதற்கு மென்பொருளின் மூலமும் திறந்துவிடப்படவில்லை.

2007 ஓகஸ்டில், விண்டோஸ் மென்பொருளின் வழமையான புதுப்பித்தலின் பின்னர் பல கணனிகள் ஒரே வேளையில் மீளத் தொடங்கியமையால் உயர்கணுக்கள் குறைந்து, ஸ்கைப் ஏறத்தாழ இரு நாட்கள் செயலிழந்தது. 2010 டிசம்பரிலும் பெருந்தடை நேர்ந்தது. 2011இல் மைக்ரோசொப்ற் 850 கோடி டொலருக்கு அதனை வாங்கிற்று. அடுத்த ஆண்டில் உயர்கணுக்கள் பயனாளரின் கணனிகளிலிருந்து நிறுவனத்தின் சேவையகங்களுக்கு மாற்றப்பட்டன. கையடக்கத் தொலைபேசிகளின் பெருக்கமும் இதனைத் துரிதப்படுத்தியது. மின்கலத்தைச் சேமிக்கவேண்டி அடிக்கடி உறங்கும் தொலைபேசி பிறருடைய செய்திகளைச் சுமக்கும் கணுவாக இருத்தல் இயலாது. மையமற்றதாகப் பிறந்த ஸ்கைப் மையமுற்றதாக மாறி, 2025 மே மாதம் மூடப்பட்டது. வெளிப்பகைவர் எவராலுமன்றிச் சொந்தக்காரரின் தீர்மானத்தினாலேயே அமைப்பொன்றின் இயல்பு தலைகீழாகலாம் என்பது இதன் பாடமாகும்.

முனைக்கு முனை

2013 ஜூனில் எட்வேட் சினோடனின் ஆவணங்கள் வெளியாயின. அவற்றின் அடிப்படையில் முதன்முதல் வெளிவந்த செய்தி உரையாடல்களின் உள்ளடக்கம் பற்றியதன்று. வெரைசன் நிறுவனத்தின் தொலைபேசி அழைப்புப் பதிவுகள், அதாவது மேலுறைத் தகவல்கள், பெருந்தொகையாகத் திரட்டப்பட்டமை பற்றியதே. மேலுறை அற்பமானது என்ற எண்ணம் அத்துடன் நீங்கிற்று.

அதே ஆண்டில் டிரெவர் பெரின், மொக்சி மார்லின்ஸ்பைக் ஆகியோர் பின்னர் சிக்னல் என வழங்கிய முறையின் அடிப்படையை வகுத்தனர். 2004இல் பொரிசோவ், கோல்ட்பர்க், பிரூவர் ஆகியோர் ஆக்கிய முறையொன்று, பேச்சு முடிந்ததும் திறவுகோல்களை அழித்துவிடுவதால் இன்று களவுபோன திறவுகோல் நேற்றைய பேச்சைத் திறவாது எனும் பண்பைப் பெற்றிருந்தது. ஆனால் அதற்கு இருவரும் ஒரே வேளையில் இணைந்திருத்தல் வேண்டும். புதிய முறை, ஒவ்வொரு செய்திக்கும் திறவுகோலை மாற்றியதோடு, இல்லாதவருக்கு எழுதும் வழியையும் கண்டது. பெறுபவர் தம் பூட்டுகள் சிலவற்றை முன்கூட்டியே சேவையகத்தில் வைத்துவிடுவார். அவர் உறங்கும்போதும் மற்றவர் அவற்றுள் ஒன்றினாற் பூட்டி அனுப்பலாம். 2016 ஏப்ரலில் வட்ஸ்அப் இம்முறையைத் தன் சேவை முழுவதற்கும் விரிவாக்கியபோது, நூறு கோடிக்கும் மேற்பட்டோர் தாம் அறியாமலே முனைக்கு முனை மறைகுறியின் பாதுகாப்பைப் பெற்றனர். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பி.ஜி.பி. அடையாத இலக்கை இது ஓரிரு ஆண்டுகளில் அடைந்தது.

இவ்வெற்றி மையத்தின் துணைகொண்டே பெறப்பட்டது என்பதை மறைத்தலாகாது. 2016இல் மார்லின்ஸ்பைக் இதனை வெளிப்படையாகவே வாதித்தார். பல நிறுவனங்கள் தனித்தனியே நடத்தும் மின்னஞ்சல் போன்ற முறைகள் மாற்றத்திற்கு இடங்கொடாது உறைந்துவிட்டன என்பதும், ஒரே மையமுடைய சேவையே காலத்திற்கேற்ப விரைந்து மாறவல்லது என்பதும் அவரது கருத்து. மையம் தேவையேயாயினும் அது அறிவது மிகச் சிறிதாயிருக்கலாம் என்பதற்குச் சிக்னலே சான்று. அவ்வாண்டில் அமெரிக்க நீதிமன்ற ஆணையொன்றின் பேரில் அச்சேவை கொடுக்க முடிந்தவை, கணக்குத் தொடங்கிய நேரமும் இறுதியாக இணைந்த நாளும் மட்டுமே. எனினும் இது மையத்தின் நற்பண்பினால் விளைந்த பயன். மேலும், உறங்கும் தொலைபேசியை எழுப்பும் அறிவித்தல்கள் பெரும்பாலும் அப்பிள், கூகிள் ஆகிய இரு நிறுவனங்களின் வழியாகவே செல்கின்றன.

துண்டித்தல்

மூன்றாவது அதிகாரம் மறைகுறியினாற் சிறிதும் தீண்டப்படாதது. பூட்டிய பெட்டியைத் திறக்க முடியாதவன் அதனை வழியில் நிறுத்திவிடலாம். 2011 ஜனவரி இறுதியில் எகிப்தில் இணையம் ஏறத்தாழ முழுமையாகத் துண்டிக்கப்பட்டது. இலங்கையிலும் 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்செயல்களின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆந் திகதி அரச எதிர்ப்புப் போராட்டங்களின்போதும் சமூக ஊடகங்களும் செய்திச் சேவைகளும் முடக்கப்பட்டன. பொய்யும் வன்முறைத் தூண்டலும் பரவுவதைத் தடுத்தல் எனும் காரணத்தை எளிதிற் புறந்தள்ள இயலாத வேளைகளும் இவற்றுள் உண்டு. எதிர்ப்பை அடக்குதலே நோக்கமாகத் தோன்றிய வேளையும் உண்டு. நோக்கம் எதுவாயினும், அணுகும் வாசல்கள் சிலவாக இருந்தமையே முடக்கத்தை எளிதாக்கிற்று.

இதனைத் தவிர்க்க முயன்ற அமைப்புகள் இருவகைப்பட்டன. 2014இல் எழுந்த மேட்ரிக்ஸ், பல நிறுவனங்கள் தத்தம் சேவையகங்களை நடத்தி ஒன்றோடொன்று இணையும் நடுவழியைத் தெரிந்தது. பிரான்சிய அரசு 2019இல் தன் அலுவலருக்கென அமைத்த சேவை இதனை அடிப்படையாகக் கொண்டதே. பிரையர் போன்றவை சேவையகத்தை முற்றாக நீக்கி, டோர் வழியாகவோ, இணையம் அற்றவிடத்து அயலிலுள்ள தொலைபேசிகளின் குறுந்தூர வானொலி வழியாகவோ செய்தியைக் கடத்தின. ஆயின் அனுப்புவோரும் பெறுவோரும் ஒரே வேளையில் இணைந்திருக்க வேண்டுமென்ற பழைய இடர்ப்பாடு மீண்டும் எழுந்தது. 2019இல் ஹொங்கொங் போராட்டங்களின்போது பிரிட்ஜ்ஃபை என்னும் குறுந்தூரச் செய்தி மென்பொருள் பெரிதும் நாடப்பட்டது. அடுத்த ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் றோயல் ஹொலொவே கல்லூரி ஆய்வாளர், அதன் செய்திகளைப் பிறர் வாசிக்கவும், ஆள்மாறாட்டம் செய்யவும், யார் யாருடன் பேசுகின்றனர் என அறியவும், வலையையே முடக்கவும் இயலுமென நிறுவினர். மையம் இல்லை என்பது மட்டும் பாதுகாப்பாகாது. உயிரைப் பணயம் வைத்து ஒன்றை நம்புவோருக்கு இவ்வேறுபாடு மிகப் பெரிது.

முடிவுரை

மேற்கூறிய வரலாற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. செய்தியைப் படிக்கும் அதிகாரத்தை இடையாளிடமிருந்து பறித்தது கணிதம். அது திறந்த ஆய்வின் பயனாக எழுந்து, அரசுகளின் தடைகளைக் கடந்து, ஈற்றிற் சாதாரண மக்களை அடைந்தது. ஆனால் தொடர்பு என்பது செய்தியை மறைத்தல் மட்டுமன்று. அறியாதவரை அறிமுகஞ் செய்தல், இல்லாதவருக்காகக் காத்துவைத்தல், பெயரை உறுதிசெய்தல், முறையைக் காலத்திற்கேற்ப மாற்றுதல் என நான்கு பணிகளை யாரேனும் செய்தேயாக வேண்டும். இப்பணிகளைச் செய்பவர் எவரோ அவரிடம் மையம் சென்று சேர்கின்றது. நப்ஸ்டரின் அட்டவணையும், டோரின் பட்டியலும், ஸ்கைப்பின் சான்றிதழும், சிக்னலின் சேவையகமும் இதனையே வெவ்வேறு வகையில் உணர்த்துகின்றன.

ஆகவே, ஓர் அமைப்பு மையமற்றதா, மறைகுறியுடையதா என்று மட்டும் வினவுதல் போதாது. அந்நான்கு பணிகளையும் அதில் யார் ஆற்றுகின்றனர், அவர் எவற்றை அறிகின்றார், அவர் மனம் மாறின் நேர்வது என்ன, அவரை விட்டு விலகிச் செல்ல வழியுண்டா என்பனவே பொருத்தமான வினாக்களாகும். இவ்வினாக்கள் பொறியியலாளருக்கு மட்டும் உரியனவல்ல. சட்டத்தையும் அரசியலையும் சமூகத்தையும் ஆராய்வோருக்கும் உரியனவே. மாஜினியின் கடிதங்களைத் திறந்த பிரிவு கலைக்கப்பட்டது உறையின் வலிமையினாலன்று. மணற்றுகளிட்டுச் சோதித்தறிந்த ஒருவரும், அதனைப் பாராளுமன்றத்தில் எழுப்பிய சிலரும் இருந்தமையினாலேயே. இக்காலத்தின் உறைகள் அக்காலத்தவற்றினும் பன்மடங்கு உறுதியானவை. எனினும் அவற்றைச் சோதித்துப் பார்க்கும் விழிப்பின் தேவை சிறிதும் குறைந்துவிடவில்லை என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் உண்மையாகும்.